யாரோ பார்த்துக்கொண்டிருக்கும்போது

"என் ஸ்க்ரீன் தெரியுதா?"

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் காலை வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. மீட்டிங்கில் ஆறேழு பேர் இருப்பார்கள். நான் ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருப்பேன். தனியாக உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் சிக்கிவிடக்கூடிய பிழைதான். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது விரல்கள் வேறு யாருடையதோ போல நடந்துகொள்ளும். பத்து வருடமாகத் தட்டச்சு செய்யும் கட்டளையில் எழுத்துப்பிழை வரும். நின்று யோசிக்க வேண்டிய இடத்தில் நிற்க முடியாது. சும்மா இருக்கிறான் என்று நினைத்துவிடுவார்களோ என்று மவுஸை அங்கும் இங்கும் நகர்த்திக்கொண்டே இருப்பேன். வேலை செய்வதை விட்டுவிட்டு, வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒரு நாள் முடிந்த இரவில்தான் 'கெர்ஹார்ட் ரிக்டர் பெயின்டிங்' பார்த்தேன். 2011இல் வெளியான ஜெர்மன் ஆவணப்படம், கொரினா பெல்ஸ் இயக்கியது. உயிரோடு இருக்கும் ஓவியர்களில் மிக முக்கியமானவர்களில் ஒருவர் என்று உலகம் கொண்டாடும் மனிதர், கொலோன் நகரத்திலுள்ள தன் ஸ்டுடியோவில் பெரிய பெரிய கேன்வாஸ்களின் முன்னால் நிற்கிறார். நல்ல வெளிச்சம், வெள்ளைச் சுவர், சத்தமில்லாத இடம். எல்லாம் அமைதியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு கட்டத்தில் அவர் இயக்குநரிடம் இது சரிப்படவில்லை என்கிறார். யாரோ கவனித்துக்கொண்டிருக்கும்போது ஓவியம் வரைவதைவிட மோசமானது வேறில்லை, ஆஸ்பத்திரியில் கிடப்பதைவிட மோசம் என்கிற அர்த்தத்தில் பேசுகிறார்.

படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தேன். 77 வயது மேதைக்கும் அதே கதைதானா!

அப்புறம் சிரிப்பு போய்விட்டது. என் போனில் கிடக்கும் ஒரு வீடியோ ஞாபகத்துக்கு வந்தது. மொத்தம் 47 விநாடி. கோவில்பட்டியில் என் தாய்மாமா போர்டு எழுதும் வீடியோ. சரியாகச் சொன்னால், போர்டு எழுதாமல் நிற்கும் வீடியோ. ஒரு மளிகைக் கடையின் பெயரை எழுதிக்கொண்டிருந்தவரை நான் படம் பிடிக்க ஆரம்பித்தேன். அவர் பிரஷ்ஷை எழுத்தில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பிறகு திரும்பி, "மாப்ள, அத உள்ள வையி. கை வர மாட்டேங்கு" என்றார். அவ்வளவுதான்.

இதில் எனக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. மாமா வாழ்நாள் முழுக்க ஆட்கள் பார்க்கத்தான் எழுதினார். பஜாரில் ஏணி மேல் நின்றுகொண்டு, கீழே டீ குடிப்பவர்கள் அண்ணாந்து பார்க்க, பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிக்க எழுதியவர். அத்தனை பேர் பார்த்தபோது வந்த கை, ஒரு போனுக்கு முன்னால் ஏன் வரவில்லை?

இந்தக் கேள்வியோடுதான் ஓவியர்களைப் படம்பிடித்த பழைய படங்களைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். ரிக்டருக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசையே இருக்கிறது. அந்த வரிசையில் கிட்டத்தட்ட ஒவ்வொருவரும் கேமராவோடு ஏதோ ஒரு விதத்தில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

*

மத்தீஸின் கை

1946இல் பிரெஞ்சு இயக்குநர் ஃபிரான்ஸுவா காம்ப்போ, ஓவியர் ஆன்ரி மத்தீஸைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார். மத்தீஸுக்கு அப்போது எழுபத்தைந்தைத் தாண்டிய வயது. பெரிய அறுவை சிகிச்சை ஒன்றிலிருந்து பிழைத்து வந்தவர். படத்தில் அவர் வரைவதைச் சாதாரண வேகத்தில் காட்டிவிட்டு, அதையே ஸ்லோமோஷனிலும் காட்டுகிறார்கள். சாதாரண வேகத்தில் பார்த்தால் சரக்கென்று ஒரு கோடு விழுகிறது. ஸ்லோமோஷனில் அந்தக் கோட்டுக்கு முன்னால் கை காற்றில் மிதக்கிறது. தாளை நெருங்குகிறது, விலகுகிறது, இன்னொரு திசையில் போய் ஒத்திகை பார்க்கிறது, பிறகுதான் தொடுகிறது.

இதைத் திரையில் பார்த்த மத்தீஸ் ஆடிப்போய்விட்டார். திடீரென்று தன்னை நிர்வாணமாகக் காட்டிவிட்டது போல உணர்ந்ததாகப் பின்னால் சொல்லியிருக்கிறார். தன் கை இப்படித் தயங்குகிறது என்பது அத்தனை வருடம் வரைந்த அவருக்கே தெரியாது.

தத்துவவாதி மெர்லோ-பொந்தி 1952இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் காட்சியை எடுத்துப் பேசுகிறார். அவருடைய எச்சரிக்கை எனக்குப் பிடித்திருந்தது. ஸ்லோமோஷனைப் பார்த்தால், சாத்தியமான ஆயிரம் கோடுகளைக் கடவுள் மாதிரி மனதில் வரிசையாக வைத்துப் பார்த்து, அதிலிருந்து ஒன்றை மத்தீஸ் தேர்ந்தெடுத்தார் என்று தோன்றும். அப்படி நடக்கவே இல்லை என்கிறார். மத்தீஸ் மனித வேகத்தில் வாழ்ந்த மனிதர். முடிக்காத ஓவியம் அந்த நேரத்தில் எதைக் கேட்டதோ அதை ஒரே அசைவில் செய்தார். தயக்கம் உண்மை, தேர்வும் உண்மை. ஆனால் ஸ்லோமோஷன் காட்டுகிற அந்த நீண்ட ஆலோசனை, கேமராவால் உண்டான மாயை.

ஆக, கேமரா நாம் பார்க்க முடியாத ஒன்றைக் காட்டுகிறது. அதே சமயம், காட்டும் விதத்திலேயே அதை வேறொன்றாக்கியும் விடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்தேதான் வரும் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துபோயிற்று.

*

கண்ணாடிக்கு அடியில் ஒரு கேமரா

நான்கு வருடம் கழித்து, அட்லாண்டிக்கின் அந்தப் பக்கம். 1950 கோடைக்காலம், நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற சின்ன ஊர். அங்கே தானியக் கொட்டகை ஒன்றை ஸ்டுடியோவாக மாற்றி வைத்திருந்தார் ஜாக்சன் பொல்லாக். கேன்வாஸைத் தரையில் விரித்து, அதைச் சுற்றிச் சுற்றி வந்து, குச்சியிலிருந்தும் காய்ந்துபோன பிரஷ்ஷிலிருந்தும் பெயிண்டைச் சொட்டவிட்டு, வீசி வரைபவர். ஹன்ஸ் நமூத் என்ற ஜெர்மனியில் பிறந்த புகைப்படக்காரர் அவரைப் படமெடுக்க வந்தார். நமூத்தின் நினைவின்படி, அவர் போய்ச் சேர்ந்தபோது ஓவியம் முடிந்துவிட்டது என்று பொல்லாக் கையை விரித்திருக்கிறார். ஆனால் கேன்வாஸையே பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று பெயிண்ட் டப்பாவை எடுத்து மறுபடி ஆரம்பித்துவிட்டாராம்.

முடிந்துபோன ஓவியம், பார்க்க ஒருவர் வந்ததும் மறுபடி தொடங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடையில் நமூத் எடுத்த படங்கள் 500க்கும் மேல். பொல்லாக் என்றதும் இன்று நம் மனதில் வரும் உருவம் அந்தப் படங்களிலிருந்து வந்ததுதான். கறுப்பு டி-சர்ட், வாயில் சிகரெட், நடனம் மாதிரி வளைந்த உடம்பு. 1952இல் விமர்சகர் ஹெரால்ட் ரோசன்பெர்க் இந்தத் தலைமுறையின் ஓவியத்துக்கு 'ஆக்‌ஷன் பெயின்டிங்' என்று பெயர் வைத்தார். கேன்வாஸ் என்பது ஒரு செயல் நிகழும் களம் என்றார். பொல்லாக்கைப் பற்றி அப்படி யோசிக்க நம்மைப் பழக்கியதில் நமூத்தின் கேமராவுக்கும் பங்கு உண்டு.

புகைப்படம் போதவில்லை. சினிமா எடுக்கலாம் என்றார் நமூத். வண்ணப் படத்துக்குத் தேவையான விளக்குகளுக்குப் பணமில்லை, அதனால் பொல்லாக்கைத் திறந்த வெளியில் வரைய வைத்தார்கள். கேமராவுக்கு முன்னால் பொல்லாக்கின் முதுகு தெரிகிறது, தலை தெரிகிறது, ஆனால் முகமும் ஓவியமும் ஒன்றாகத் தெரியவில்லை என்ற பிரச்சினை வந்தது. தீர்வு: பெரிய கண்ணாடிப் பலகை ஒன்றை உயர்த்தி வைத்து, அதன் மேல் பொல்லாக்கை வரைய வைத்துவிட்டு, நமூத் கேமராவோடு அடியில் படுத்துக்கொண்டார். என்னைப் போன்ற இன்ஜினியர் மூளைக்கு இது அபாரமான யோசனை. பயனருக்கும் வேலைக்கும் நடுவில் ஒரு ஒளிபுகும் பரப்பு!

படத்தில் பொல்லாக் முதலில் வரைந்ததைத் துடைத்துவிட்டு இரண்டாவது முறை தொடங்குகிறார். முதலாவதோடு தனக்குத் தொடர்பு விட்டுப்போனதாகப் பின்னணியில் அவருடைய குரலே சொல்கிறது. பத்து நிமிடப் படத்தில் என்னை நிறுத்திய இடம் இதுதான். இரண்டாவது முறை கம்பிவலை, கூழாங்கற்கள், நூல் எல்லாம் சேர்த்து ஒரு ஓவியம் உருவாகிறது. அந்தக் கண்ணாடி இன்று ஒட்டாவாவில் கனடாவின் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது.

படப்பிடிப்பு பல வார இறுதிகளுக்கு நீண்டது. இங்கே நில்லுங்கள், மறுபடி தொடங்குங்கள், வெளிச்சம் போகிறது, நிறுத்துங்கள். தனக்குள்ளிருந்து வருவதை மட்டும் நம்பிய ஒருவர், மாதக்கணக்கில் இந்தக் கட்டளைகளுக்கு ஏற்ப ஆடிக்கொண்டிருந்தார். 1950 நவம்பர் 25, கடுங்குளிர் நாள், படப்பிடிப்பு முடிந்தது. வீட்டுக்குள் வந்த பொல்லாக் நேராகப் போய் விஸ்கியை ஊற்றிக்கொண்டார். இரண்டு வருடமாக அவர் குடியைத் தொட்டிருக்கவில்லை. அன்றிரவு விருந்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நமூத்துக்கும் அவருக்கும் வாக்குவாதம் முற்றியது. யார் போலி என்பதுதான் சண்டை. கடைசியில் சாப்பாடு நிறைந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டார் பொல்லாக்.

அதற்குப் பிறகு குடி அவரை விடவில்லை. புகழ்பெற்ற அந்தச் சொட்டு ஓவியங்களின் பெரிய காலகட்டம் அந்த வருடத்தோடு முடிந்தது. 1956 ஆகஸ்ட் 11 அன்று குடிபோதையில் கார் ஓட்டி மரத்தில் மோதி இறந்தபோது அவருக்கு 44 வயது.

கேமராதான் அவரைக் கொன்றது என்று சொன்னால் அது மலிவான கதை. குடியும் மனச்சோர்வும் அவருக்கு முன்பே இருந்தவை. புகழ் தந்த அழுத்தமும் இருந்தது. ஆனால் அந்த இரவில் 'போலி' என்ற சொல் ஏன் வந்தது என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. ஒரு காரியத்தை உண்மையாகவே செய்துகொண்டிருப்பவர், அதையே கேமராவுக்காகத் திரும்பத் திரும்பச் செய்து காட்டும்போது, எது அசல் எது நடிப்பு என்ற எல்லை அவருக்கே அழிந்துவிடும். என் மவுஸ் நகர்த்தலோடு இதை ஒப்பிடுவது அபத்தம்தான். ஆனால் அந்த அச்சம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியும்.

*

நடிக்கத் தெரிந்தவர்

கேமரா முன்னால் எல்லோரும் உடைந்துபோவார்கள் என்று இதை வைத்து முடிவுகட்டலாம் என்று பார்த்தால், பிக்காசோ வந்து அதைக் கலைத்துவிடுகிறார்.

1955 கோடை, பிரான்ஸின் நீஸ் நகரில் விக்டோரின் ஸ்டுடியோ. 73 வயது பிக்காசோ, சட்டையில்லாமல், அரைக்கால் சட்டையோடு. இயக்குநர் ஆன்ரி-ஜார்ஜ் க்ளூஸோ, 'தி வேஜஸ் ஆஃப் ஃபியர்' எடுத்த சஸ்பென்ஸ் மன்னன். ஒளிப்பதிவு க்ளோத் ரெனுவார், ஓவியர் ரெனுவாரின் பேரன். நமூத்தின் கண்ணாடி யோசனையை இவர்கள் இன்னொரு படி மேலே கொண்டுபோனார்கள். தாளின் பின்பக்கம் அப்படியே ஊறித் தெரியும் ஒரு வகை மையைப் பயன்படுத்தினார்கள். பிக்காசோ தாளின் ஒரு பக்கம் வரைகிறார், கேமரா மறுபக்கம் இருக்கிறது. திரையில் ஆள் இல்லை, கை இல்லை. வெற்றுத் தாளில் கோடு தானாக முளைத்துப் போகிறது. பூ மீனாகிறது, மீன் கோழியாகிறது, கோழி ஒரு முகமாகிறது.

ஓரிடத்தில் ஃபிலிம் சுருள் தீரப்போகிறது. இன்னும் இவ்வளவுதான் மிச்சம் என்று க்ளூஸோ சொல்லச் சொல்ல, பிக்காசோ அதற்குள் முடிக்கப் பந்தயம் கட்டி வரைகிறார். பார்க்கிற நமக்கு நகம் கடிக்கத் தோன்றும். ஒரு ஓவியனின் தனிமை நேரத்தை த்ரில்லர் படமாக்கிவிட்டார் க்ளூஸோ. பிக்காசோவும் அதை ரசித்து விளையாடுகிறார். அவருக்குக் கேமரா இன்னொரு காளை, அவ்வளவுதான்.

ஆனால் அதே படத்தில், எண்ணெய் வண்ணத்தில் கடற்கரைக் காட்சி ஒன்றை அவர் வரையும் நீண்ட பகுதி இருக்கிறது. வரைகிறார், மறைக்கிறார், மேலே இன்னொன்று வரைகிறார், அதையும் மறைக்கிறார். பல மணி நேர வேலை திரையில் சில நிமிடங்களில் ஓடுகிறது. நமக்கு நன்றாக இருந்ததாகத் தோன்றிய எத்தனையோ ஓவியங்கள் அடுத்த நொடியில் பெயிண்டுக்கு அடியில் புதைகின்றன. கடைசியில் இது மோசமாகப் போகிறது, ரொம்ப மோசமாகப் போகிறது என்று அவரே சொல்லிவிட்டுப் புதிய கேன்வாஸை எடுக்கிறார்.

கோடு எழுதுபவர்களுக்கு இந்தப் பகுதி ரொம்பப் பரிச்சயமானது. நாங்கள் ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் சேமிக்கிறோம். எந்தப் பழைய நிலைக்கும் திரும்பிப் போகலாம். பிக்காசோவுக்கு அந்த வசதி இல்லை. ஒரு நல்ல ஓவியத்தின் மேல் பிரஷ்ஷை வைக்கும்போது அது நிரந்தரமாகப் போய்விடும் என்று தெரிந்தே வைக்கிறார். அந்தப் புதைந்த நிலைகளுக்கு இந்த ஃபிலிம் மட்டும்தான் சாட்சி.

'பிக்காசோவின் மர்மம்' என்று படத்துக்குப் பெயர். 1956இல் கான் விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. 1984இல் பிரெஞ்சு அரசு இந்தப் படத்தைத் தேசியச் சொத்தாக அறிவித்தது. ஆனால் மர்மம் விலகியதா என்றால் இல்லை. ஒவ்வொரு கோட்டையும் பார்த்துவிட்டோம். எதற்கு இந்தக் கோடு, எதற்கு இதை அழித்தார், ஏன் இங்கே நிறுத்தினார் என்று கேட்டால் நமக்குத் தெரியாது. முழு லாக் ஃபைலும் கையில் இருக்கிறது, காரணம் மட்டும் அதில் பதிவாகவில்லை.

*

மரத்தின் பக்கத்தில்

அடுத்த படத்துக்கு 35 வருடம் தாவ வேண்டும். தாவலுக்குக் காரணம் இருக்கிறது. இதுவரை பார்த்த மூவரும் வேகமானவர்கள். விநாடிகளில், நிமிடங்களில் எதையாவது நிகழ்த்தக்கூடியவர்கள். கேமராவும் அந்த நிகழ்வைத்தான் தேடி வந்தது. ஸ்பெயின் இயக்குநர் விக்டர் எரிஸே தேர்ந்தெடுத்தது இதற்கு நேர் எதிரான ஒருவரை.

அந்தோனியோ லோபெஸ் ஒரே ஓவியத்தை வருடக்கணக்கில் வரையக்கூடியவர். 1990 இலையுதிர்காலத்தில், மாட்ரிட்டில் தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு குவின்ஸ் மரத்தை வரையத் தொடங்குகிறார். நம் பக்கம் பார்க்க முடியாத பழம். அகராதி சீமைமாதுளை என்கிறது. மஞ்சளாக, கொய்யாவும் பேரிக்காயும் சேர்ந்த மாதிரி இருக்கும். அவர் வேலையைத் தொடங்கும் விதமே கொத்தனார் வேலை மாதிரி இருக்கிறது. தூக்குக்குண்டு கட்டுகிறார். குறுக்கே ஒரு நூல் இழுக்கிறார். தன் கால் தினமும் ஒரே இடத்தில் நிற்பதற்காகத் தரையில் ஆணி அடிக்கிறார். பழங்கள் மேலும் இலைகள் மேலும் வெள்ளைப் பெயிண்டில் சின்னச் சின்னக் குறி வைக்கிறார்.

பிறகு மரம் தன் வேலையைக் காட்டுகிறது. பழம் பழுக்கப் பழுக்கக் கனம் கூடி, கிளை கீழே இறங்குகிறது. குறிகள் எல்லாம் நகர்ந்துவிடுகின்றன. அவருக்கு வேண்டிய சூரிய ஒளி காலையில் கொஞ்ச நேரம்தான் பழங்கள் மேல் விழுகிறது. மழை வருகிறது. மரத்தைச் சுற்றி பிளாஸ்டிக் கூடாரம் கட்டுகிறார்கள். வானொலியில் உலகச் செய்திகள் ஓடுகின்றன, வீட்டைப் பழுதுபார்க்க வந்த போலந்துத் தொழிலாளர்கள் உள்ளே சுவரை இடிக்கிறார்கள். எண்ணெய் ஓவியம் இனி முடியாது என்று அதைக் கொண்டுபோய் உள்ளே வைத்துவிட்டு, பென்சிலில் ஆரம்பிக்கிறார். டிசம்பர் வருகிறது. பழங்கள் விழுகின்றன. பென்சில் ஓவியமும் முடியவில்லை. தூக்குக்குண்டைக் கழற்றிவிடுகிறார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம், முடிக்கப்படாத இரண்டு ஓவியங்கள். 1992 கான் விழாவில் ஜூரி பரிசு வாங்கிய 'எல் சோல் டெல் மெம்ப்ரியோ' இதுதான்.

லோபெஸிடம் பதற்றம் துளிக்கூட இல்லை. நண்பரோடு பேசுகிறார், பழைய பாட்டைப் பாடுகிறார், கேமராவைக் கண்டுகொள்வதே இல்லை. பார்க்க வந்த விருந்தினரிடம், மரத்தின் பக்கத்தில் இருப்பதுதான் தனக்கு முக்கியம், முடிவைவிடவும் அதுதான் பெரிது, புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் அது கிடைக்காது என்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு ஏதோ ஒன்று பிடிபட்டது. எரிஸேயின் கேமரா லோபெஸிடமிருந்து எதையும் கேட்கவில்லை. லோபெஸ் மரத்தின் பக்கத்தில் எப்படி இருக்கிறாரோ, அப்படியே எரிஸே லோபெஸின் பக்கத்தில் இருக்கிறார். மழை வந்தால் இரண்டு பேருக்கும் வேலை நிற்கிறது. வெளிச்சம் போனால் இரண்டு பேருக்கும் போகிறது. படத்தின் கடைசியில் ஓவியர் தூங்கப் போன பிறகு, முற்றத்தில் கேமரா மட்டும் தனியாக ஒரு விளக்கோடு நின்று, தரையில் அழுகும் பழங்களைப் படம் பிடிக்கிறது. அந்தக் கேமராவின் நிழலையும் எரிஸே காட்டுகிறார். நானும் தோற்றவன்தான் என்று சொல்வது மாதிரி.

*

வைப்பரோடு ஒரு மனிதர்

இப்போது மறுபடி கொலோனுக்கு வரலாம்.

ரிக்டர் 1932இல் டிரெஸ்டனில் பிறந்தவர். கிழக்கு ஜெர்மனியில் சுவரோவியம் படித்தவர். 1961இல், பெர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் மேற்கே தப்பி வந்தார். அதற்குப் பிறகு அவர் தன் பெற்றோரைப் பார்க்கவே இல்லை. படத்தில் பழைய புகைப்படங்களை மேஜையில் பரப்பிப் பார்த்துக்கொண்டே இதைப் பற்றிப் பேசுகிறார், குரல் உயராமல்.

பெல்ஸுக்கு அவர் புதியவர் அல்ல. கொலோன் பேராலயத்துக்கு ரிக்டர் வடிவமைத்த கண்ணாடி ஜன்னல் பற்றி ஏற்கெனவே ஒரு சிறிய படம் எடுத்திருந்தார். 2007இல் திறக்கப்பட்ட அந்த ஜன்னலில் 11,000க்கும் மேற்பட்ட சதுரங்கள், 72 நிறங்கள். எந்த நிறம் எங்கே என்பதைப் பெருமளவு கணினியின் ரேண்டம் எண்களே தீர்மானித்தன. அந்தப் பழக்கத்தில்தான் 2009இல் ஸ்டுடியோவுக்குள்ளேயே பெல்ஸை அனுமதித்தார்.

அவர் வரையும் முறையைச் சொல்கிறேன். முதலில் பெரிய பிரஷ்ஷால் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பளிச்சென்று பூசுகிறார். அதுவே பார்க்க அழகாக இருக்கும். பிறகு ஒரு நீளமான பிளாஸ்டிக் பட்டை. நம் வீட்டில் தரைத் தண்ணீரைத் தள்ளுவோமே, அந்த வைப்பரின் ராட்சத அண்ணன். அதன் விளிம்பில் பெயிண்டைத் தடவி, கேன்வாஸின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உடம்பின் முழு எடையையும் கொடுத்து இழுக்கிறார். அடியில் இருந்தது பாதி மறைகிறது, பாதி கிழிந்து மேலே வருகிறது. என்ன வரும் என்று அவருக்கே தெரியாது. ஜன்னலுக்கு ரேண்டம் எண்கள் செய்த வேலையை இங்கே வைப்பர் செய்கிறது.

ஆக, வரைவது படத்தில் சின்னப் பகுதிதான். மிச்ச நேரம் அவர் தள்ளி நின்று பார்க்கிறார். காய விடுகிறார். மறுநாள் வந்து பார்க்கிறார். நேற்று நன்றாக இருந்தது இன்று நன்றாக இல்லை. மறுபடி இழுக்கிறார். இனி இதில் செய்வதற்கு எதுவுமில்லை, தவறு என்று எதுவும் தட்டுப்படவில்லை என்கிற வரை. முடிந்தது என்பதற்கு அவரிடம் இருக்கும் அளவுகோல் அவ்வளவுதான்.

பெல்ஸ் புரிந்துகொண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். மத்தீஸ் படத்தில் கேமரா கையைத் தேடியது. நமூத் உடம்பைத் தேடினார். க்ளூஸோ கோட்டைத் தேடினார். எரிஸே காத்திருப்பைக் கண்டுபிடித்தார். அதைத் தொடர்ந்து பெல்ஸ், ஒருவர் தன் வேலையையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தைப் படமாக்குகிறார். அந்த நேரத்தில்தான் ஒருவருக்கு யாரும் அருகில் இருக்கக்கூடாது. கை அசையும்போது ஆள் இருந்தால் சமாளித்துக்கொள்ளலாம். இது நன்றாக இல்லையோ என்று நிற்கும்போது ஒருவர் பார்த்தால் தாங்காது. ரிக்டரின் உதவியாளர்கள் அதே அறையில்தான் பெயிண்டை வடிகட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவர்களால் அவருக்குத் தொந்தரவில்லை. அவர்களுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. கேமராவுக்கு இருக்கும் ஒரே வேலை அவரைப் பார்ப்பது.

பெல்ஸின் பெரிய முடிவு, ரிக்டர் முடியாது என்று சொன்ன அந்தக் காட்சியை வெட்டாமல் வைத்தது. வெட்டியிருந்தால் ஒரு மேதையின் அழகான, அமைதியான படம் கிடைத்திருக்கும். வைத்ததால், படம் தான் எதைக் கெடுத்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. நமூத் படத்தில் அந்த நவம்பர் இரவு இல்லை. மேஜை கவிழ்ந்தது நமக்கு வேறு வழிகளில்தான் தெரியவந்தது. இந்தப் படத்தில் மேஜை கவிழவில்லை. கவிழ்வதற்கு முன்னால் ஒரு மனிதர் வாய்விட்டுச் சொல்கிறார், இன்னொருவர் கேட்டுக்கொள்கிறார். அறுபது வருட இடைவெளியில் நடந்த முன்னேற்றம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

*

47 விநாடி

மாமாவின் வீடியோவை அன்றிரவு மறுபடி போட்டுப் பார்த்தேன். எடுத்த அன்றே அழிக்க நினைத்தது. எதுவுமே நடக்காத வீடியோ என்று.

இப்போது பார்த்தால் நிறைய நடக்கிறது. சுண்ணாம்பு நூலடித்த இரண்டு கோடுகள். சாக்பீஸில் மெலிதாகக் குறித்த எழுத்துகள். இடது கையில் ஒரு குச்சி, அதன் மேல் வலது மணிக்கட்டு. பிரஷ் எழுத்தின் வளைவுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது, விலகுகிறது. மத்தீஸின் கை மாதிரியே. பிறகு தோள் இறுகுவது தெரிகிறது. அப்புறம் அந்த வாக்கியம். அதற்குப் பிறகும் ஐந்தாறு விநாடி ஓடுகிறது, அதை நான் கவனித்ததே இல்லை. என்னிடம் சொல்லிவிட்டு மாமா திரும்பிப் பலகையைப் பார்க்கிறார். தலையை லேசாகச் சாய்த்து, எழுதிய எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி சரியா என்று பார்க்கிறார். நான் இருப்பதை மறந்துவிட்டார். அங்கேதான் நான் வீடியோவை நிறுத்தியிருக்கிறேன்.

பஜாரில் அத்தனை பேர் பார்த்தபோது ஏன் கை வந்தது என்பதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். அவர்கள் டீ ஆறுவதற்குள் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. சில சமயம் கீழேயிருந்து, "அண்ணாச்சி, அந்த 'ர' போட்ட இடத்துல 'ற' வரணும்லா?" என்று குரல் கொடுப்பார்கள். மாமாவும் இறங்கி வந்து பார்த்து, டர்பன்டைன் துணியால் துடைத்துத் திருத்துவார். அவர்களுக்கும் அந்த எழுத்தில் ஒரு பங்கு இருந்தது. நான் சென்னையிலிருந்து வந்து, ஃப்ளெக்ஸ் பேனர் வந்த பிறகு அழிந்துகொண்டிருக்கும் ஒரு தொழிலைச் சேமித்து வைக்கிறேன் என்ற நினைப்பில் போனை நீட்டியவன். அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, கடைசி போர்டு ஆர்ட்டிஸ்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படிப் பார்க்கப்படும் ஒருவருக்குக் கை எப்படி வரும்?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு கேட்டுக்குப் பெயர் எழுதக் கூப்பிட்டிருந்தார்கள். மாமா இப்போதெல்லாம் வருடத்துக்கு இப்படி நாலைந்து வேலைதான் எடுக்கிறார். கூடப் போனேன். எனாமல் டின்னைப் பிடித்துக்கொண்டேன், பிரஷ்ஷைத் துடைத்துக் கொடுத்தேன். 'மகிழ் இல்லம்' என்பதில் 'ழ்' வந்தபோது அவர் நிறுத்தினார். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். தெருவில் ஒரு ஆட்டோ போனது. பிறகு ஒரே இழுப்பில் அந்தச் சுழியைப் போட்டார்.

எழுதி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்ன மாப்ள, இன்னைக்கு வீடியோ எடுக்கலையா?"

"இல்ல மாமா. டின்ன யாரு பிடிக்கிறது?"

அவர் சிரித்துவிட்டு, கேட்டைத் தொடாதே, இன்னும் காயவில்லை என்றார்.